அல்சூர் அக்கா பதில்கள்

(பெங்களூரு அல்சூரில் 19 வருடம் வாடகை நூலகம் நடத்திய அக்கா, உங்கள் புத்தக, சினிமாக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஹாரி பாட்டர் ஏழு புத்தகமும் முடித்துவிட்டாள். லீவில் எட்டுப் படங்களையும் வீட்டில் போட்டோம். நிமிஷத்துக்கு ஒரு தடவை "புத்தகத்துல இப்படி இல்ல" என்கிறாள். "படத்தைப் படமா பாரு" என்று அவள் அப்பா கத்துகிறார். யார் பக்கம் நியாயம்?
- ஒரு வாசகி, ஜீவன்பீமா நகர்

பதில்: மகள் பக்கம். அப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஐந்தாம் பாகம் 2003இல் வந்தது. 766 பக்கம். நாலே மாதத்தில் முதுகு பிளந்துவிட்டது. சிவாஜிநகர் பைண்டிங் கடையில் கொடுத்து இரண்டாகக் கட்டி வாங்கினேன். முதல் பாதியை முடித்த பையன் ஒருவன், மீதி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து அந்த வீட்டு வாசலிலேயே போய் நின்றான். அந்தக் கதையைத்தான் 2007இல் 2 மணி 18 நிமிஷத்தில் முடித்தார்கள். எட்டில் இதைவிடச் சின்னது கடைசிப் படம் ஒன்றுதான், அதுவும் ஏழாம் புத்தகத்தின் பின்பாதி மட்டும். வெட்டாமல் எடுக்க முடியாது, சரி. எதை வெட்டினார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

டாபியைப் பாருங்கள். இரண்டாம் படத்தில் ஒரு காலுறையால் விடுதலை பெறும் அடிமை எல்ஃப், அதாவது மந்திரவாதிகள் வீட்டில் வேலை செய்யும் குட்டி ஜீவன். அடுத்த நாலு படங்களில் ஆளையே காணோம். ஏழாவதில் திடீரென்று வந்து, ஹாரியைக் காப்பாற்றி, கத்தி பாய்ந்து சாகிறான். பிரிகேட் ரோடு தியேட்டரில் எனக்குப் பக்கத்து சீட்காரர், "யாருங்க இது?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை.

புத்தகத்தின் நாலாம் பாகத்தில் டாபி, ஹாரி படிக்கும் மந்திரப் பள்ளியான ஹாக்வர்ட்ஸின் சமையலறையில் சம்பளத்துக்குச் சேர்கிறான். வாரம் பத்து காலியன் (அவர்கள் ஊர்த் தங்கக் காசு), சனி ஞாயிறு லீவு என்கிறார் தலைமை ஆசிரியர் டம்பிள்டோர். ஒரு காலியன் போதும், மாதம் ஒரு நாள் லீவு போதும் என்று பேரம் பேசிக் குறைத்துக்கொள்கிறான்! (நம் ஊரில் இப்படி ஒருவர் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.) அந்தக் காசில் கம்பளி நூல் வாங்கி, ஹாரிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் காலுறை பின்னுகிறான். ஒன்று சிவப்பு, அதில் துடைப்பங்கள். மற்றது பச்சை, அதில் அவர்கள் விளையாட்டில் வரும் ஸ்னிட்ச் பந்துகள். ஏழாம் பாகத்தில் அவனைப் புதைக்கும்போது, ஹாரியின் நண்பன் ரான் தன் ஷூவையும் காலுறையையும் கழற்றி அந்த வெறும் காலில் மாட்டுகிறான். அந்தப் பக்கத்தில் நான் கவுண்டரிலேயே அழுதுவிட்டேன். சந்தா கட்ட வந்த மாமி, "ஊர்லேர்ந்து ஏதாவது சேதியா?" என்று பதறிப்போனார்.

நாலாம் படத்தில், தண்ணிக்கடியில் மூச்சுவிடக் கில்லிவீட் என்ற செடியைக் கொண்டுவந்து கொடுப்பதும் புத்தகத்தில் போல டாபி இல்லை, ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில். கம்ப்யூட்டரில் டாபியைச் செய்யும் செலவு மிச்சம் என்று நினைத்தார்களோ என்னவோ.

மகளிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். புத்தகம் படிக்காதவர் பக்கத்தில் இருந்தால் யார் சாகப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது. உங்கள் வீட்டுக்காரர் கத்துவது அதற்காகத்தான் என்று தோன்றுகிறது.

கேள்வி: இரண்டு டம்பிள்டோர்களில் உங்கள் ஓட்டு யாருக்கு?
- ஒரு வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: ரிச்சர்ட் ஹாரிஸுக்கு. 2002இல் அவர் காலமான பிறகு மைக்கேல் காம்பன் வந்தார். நாலாம் கதையில், போட்டிக்கு ஆள் எடுக்கும் கோப்பையில் உன் பெயரைப் போட்டாயா என்று ஹாரியிடம் புத்தகத்தில் அமைதியாகக் கேட்கிறார் டம்பிள்டோர். காம்பனோ பாய்ந்து வந்து ஹாரியைப் பிடித்து உலுக்குகிறார். எங்கள் ஸ்கூல் பி.டி. மாஸ்டர் ஞாபகம் வந்துவிட்டது! ஆனாலும் ஆறாம் படத்தில், குகைக்குள் அந்த விஷத்தைக் குடிக்க முடியாமல் கெஞ்சுகிறாரே, அங்கே அவரை மன்னித்துவிட்டேன்.

கேள்வி: டிவி தொடராக மறுபடி எடுக்கிறார்களாமே, பார்ப்பீர்களா?
- ஒரு வாசகி, விவேக்நகர்

பதில்: பீவ்ஸ் என்ற குறும்புப் பேய் ஞாபகமிருக்கிறதா? முதல் படத்துக்கு ரிக் மேயல் அந்த வேஷத்தில் நடித்தே கொடுத்தார், அத்தனையையும் வெட்டிவிட்டார்கள். தொடரில் பீவ்ஸ் வந்தால் ஒரு போன் போடுங்கள்.