காவலரை எதிர்த்துப் பேசலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் நடந்த வாகனத் தணிக்கையில் என் இருசக்கர வாகனத்தை நிறுத்தினார்கள். ஹெல்மெட் அணிந்திருந்தேன். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் கையில் இருந்தன. என் மகன் வயதுதான் இருக்கும் அந்த எஸ்.ஐ.க்கு, ‘வண்டிய ஓரங்கட்டுடா’ என்று தொடங்கி ஒருமையிலேயே பேசினார். ‘எனக்கு 58 வயதாகிறது, கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள்’ என்றேன். ‘கவர்ன்மென்ட் ஆள வேலை செய்ய விடாம தடுத்தேன்னு கேஸ் போடவா?’ என்றார். பக்கத்தில் நின்ற ஏட்டு என்னைத் தனியே அழைத்து, ‘ஒரு சாரி சொல்லிட்டுக் கிளம்புங்க சார்’ என்றார். சொல்லிவிட்டு வந்தேன், வழக்கு எதுவும் போடவில்லை.

அமெரிக்காவில் போலீஸ்காரரை முகத்துக்கு நேரே திட்டினால்கூடக் கைது செய்ய முடியாது, இங்கேயும் பேச்சுரிமை இருக்கும்போது நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்டீர்கள் என்கிறான் என் மகன். போலீசுக்கு மரியாதை இல்லாவிட்டால் சட்டம் ஒழுங்கு என்ன ஆகும் என்கிறாள் என் மனைவி. காவலருக்கு மரியாதை கொடுப்பது சட்டப்படி என் கடமையா? இத்தகைய நேரத்தில் செல்போனில் படம் எடுத்தால் குற்றமா?

பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காவலருக்கு மரியாதை காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களுக்குக் கட்டளையிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவின்படி, சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியாக வேண்டும். சட்டத்துக்கு உட்பட்டு அவர் இடும் பணிப்பை மீறினால் 179-ஆம் பிரிவின்படி 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வண்டியை நிறுத்தி, ஆவணங்களைக் காட்டிய கணத்திலேயே நீங்கள் சட்டத்துக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு, பேசும் முறை சரியில்லை என்று அவரிடம் சொன்னது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும். அவ்வுரிமையைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களை 19(2) பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றம் செய்யத் தூண்டுதல் முதலியவை அதில் உண்டு. அரசு அலுவலரின் மனம் புண்படுதல் இல்லை. அந்தப் பட்டியலுக்கு வெளியே புதிய காரணங்களைச் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

உங்களை அச்சுறுத்திய ‘பணி செய்ய விடாமல் தடுத்தல்’ என்ற சொற்றொடரைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் நாளிதழ்களில் அன்றாடம் படித்துப் பழகியதால், போலீஸ்காரரிடம் வாதம் செய்வதே அந்தக் குற்றம் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். இதற்கு இரண்டு பிரிவுகள் உள்ளன. ஒன்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 186, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 221: அரசு ஊழியரின் பணிக்கு வேண்டுமென்றே இடையூறு செய்வது. அதிகபட்சத் தண்டனை 3 மாதம். பிணை கேட்டால் கொடுத்தாக வேண்டிய குற்றம். அந்த ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்து மூலம் நேரடியாக முறையிட்டாலன்றி நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே முடியாது. மற்றொன்று பழைய 353, இன்றைய 132. இதற்கு 2 ஆண்டு வரை சிறை; எளிதில் பிணை கிடைக்காத பிரிவு; எழுத்து மூலமான முறையீடு என்ற தடையும் இல்லை. ஆனால் இந்தப் பிரிவு பொருந்த வேண்டுமானால், அரசு ஊழியரைத் தாக்கியிருக்க வேண்டும், அல்லது குற்றமுறு வன்முறையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். சட்டத்தில் தாக்குதல் என்பது அடிப்பதற்கு ஓங்குவதையும் உள்ளடக்கும். வெறும் சொற்கள் மட்டும் தாக்குதல் ஆகா என்று சட்டமே விளக்கம் தருகிறது. வாய்ப்பேச்சோடு நின்றுவிட்ட தகராறுகளில் 353 ஏன் அவ்வளவு தாராளமாகச் சேர்க்கப்பட்டு வந்தது என்பதற்கு இந்த வேறுபாட்டிலேயே விடை இருக்கிறது. தண்டனை வாங்கித் தருவது அதன் நோக்கமல்ல. நாலு நாள் உள்ளே இருந்துவிட்டு வரட்டும் என்பதற்கு 186 உதவாது, 353 உதவும்.

உச்ச நீதிமன்றம் இதை நேராகவே எதிர்கொண்ட வழக்கு ஒன்று உண்டு. பெங்களூருவில் ஒரு சிறு விபத்தை ஒட்டிப் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்ட பெண்ணும் அவருடைய கணவரும், அங்கே ஆய்வாளர் தங்களைக் கடுமையாக நடத்தியதாகப் பெங்களூரு போக்குவரத்துக் காவல் துறையின் முகநூல் பக்கத்திலேயே எழுதினார்கள். அதற்காக அவர்கள் மீது 353, மிரட்டலுக்கான 506 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவானது. கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்ய மறுத்தது. நீதிபதிகள் வி. கோபால கவுடா, ஆர். பானுமதி அமர்வு 2015 ஜனவரியில் அந்த வழக்கை ரத்து செய்தது. மக்கள் குறைகளைச் சொல்வதற்காகக் காவல் துறையே திறந்து வைத்த பக்கத்தில் குறை சொன்னவர்கள் யாரையும் தாக்கவில்லை, யாரையும் அச்சுறுத்தும் நோக்கமும் அவர்களுக்கு இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். விசாரணையின் தொடக்கத்திலேயே கைவிட்டிருக்க வேண்டிய ஒரு புகார் டெல்லி வரை போய்த்தான் முடிவுக்கு வந்தது என்பதையும் சேர்த்தே இத்தீர்ப்பை வாசிக்க வேண்டும்.

பழைய சட்டம் இருந்தவரை தமிழ்நாட்டு முதல் தகவல் அறிக்கைகளில் 353 தனியாக வந்தது குறைவு. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினார் என்று 294(பி), கொலை மிரட்டல் விடுத்தார் என்று 506(2), இவற்றுக்கு நடுவே 353 என்று மூன்றும் ஒரே சரமாகக் கோக்கப்பட்டன. வெறும் வசைச் சொல் 294(பி)-யின் கீழ் ஆபாசம் ஆகிவிடாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில்தான் உச்ச நீதிமன்றம் 2022-ல் கூறியது. அந்தச் சரம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைச் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூனில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலர்களை ஆபாசமாகத் திட்டினார்கள், மிரட்டினார்கள், தரையில் உருண்டதால் காயமடைந்தார்கள் என்றுதான் முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டது. இருவரும் காவலில் இறந்தார்கள். பக்கத்துக் கடையின் கண்காணிப்புக் கேமராப் பதிவு அந்தக் கதையோடு பொருந்தவில்லை, சி.பி.ஐ. பின்னர் காவலர்கள் மீதே கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. உயர் நீதிமன்றத்தின் உத்தரவோடு அந்த நிலையத்துக்குப் போன நீதித்துறை நடுவரிடமே ஒரு காவலர் மரியாதைக் குறைவாகப் பேசியதாக மதுரைக் கிளைக்கு அறிக்கை வந்தது. அதன் பேரில் நீதிமன்றம் அவமதிப்பு நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. எதிர்த்துப் பேசினார்கள் என்பது எத்தனை வசதியான குற்றச்சாட்டு என்பதை அறிய வேறு சான்று தேவையில்லை. நீங்கள் ‘சாரி’ சொன்னதில் நான் குறை காணாததற்கும் இதுவே காரணம்.

உங்கள் மகன் அமெரிக்காவைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. நகரக் காவல் அதிகாரியான ஒரு மார்ஷலை ‘பாசிஸ்ட்’ என்று ஏசிய, ‘யெகோவா சாட்சிகள்’ என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவரின் தண்டனையை 1942-ல் உறுதி செய்த அதே அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1987-ல் ஹூஸ்டன் நகரின் ஒரு விதியைச் செல்லாது என்று அறிவித்தது. பணியில் இருக்கும் காவலரை எதிர்ப்பதையும் ஏசுவதையும் இடைமறிப்பதையும் குற்றமாக்கியிருந்த விதி அது. கைதாகும் அச்சமின்றிக் காவலரை வாயால் எதிர்க்க முடிவதுதான் சுதந்திர நாட்டைப் போலீஸ் ராஜ்யத்திலிருந்து பிரித்துக் காட்டும் முதன்மையான அடையாளங்களில் ஒன்று என்ற பொருள்பட நீதிபதி பிரென்னன் அதில் எழுதினார். முறையாகப் பயிற்சி பெற்ற காவலரிடம் சாதாரணக் குடிமகனைவிட அதிகப் பொறுமையை எதிர்பார்க்கலாம் என்று நீதிபதி பவல் 1974-லேயே ஒரு வழக்கில் கூறியிருந்தார். ஆனால் கைதுக்கு வேறொரு நியாயமான காரணம் இருந்துவிட்டால், பேசியதற்காகத்தான் பழிவாங்கினார்கள் என்று வழக்குத் தொடுப்பது பெரும்பாலும் எடுபடாது என்று 2019-ல் அதே நீதிமன்றம் சொன்னதையும் உங்கள் மகன் படித்துப் பார்க்கட்டும். ஹெல்மெட் இல்லாமல் போய்விட்டுப் பேச்சுரிமை பேசுவதை அங்கும் ஊக்குவிக்கவில்லை.

நம் நாட்டிலும் எல்லைகள் உண்டு. ‘வெளியே வா, பார்த்துக்கொள்கிறேன்’ என்பது மிரட்டலாகலாம். அமைதியைக் குலைக்கத் தூண்டும் நோக்கத்தோடு அவமதிப்பது பழைய 504, இன்றைய 352-ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். பெண் காவலரை அவருடைய மானத்தைக் குறிவைத்து இழிவாகப் பேசுவதையோ, பட்டியல் சாதியைச் சேர்ந்த காவலரைப் பலர் முன்னிலையில் சாதி சொல்லித் திட்டுவதையோ கருத்துரிமை என்று யாரும் வாதாட முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172-ஆம் பிரிவையும் அறிந்து வைத்திருங்கள். குற்றத் தடுப்புப் பணியில் காவலர் சட்டப்படி இடும் பணிப்பை ஏற்காதவரை அங்கிருந்து அகற்றவும், பிடித்து வைத்து நடுவர் முன் நிறுத்தவும், சிறு விஷயமானால் 24 மணி நேரத்துக்குள் விடுவிக்கவும் அது அதிகாரம் தருகிறது. இது பணிப்பை மீறுவதைப் பற்றிய பிரிவு, பேச்சைப் பற்றியதல்ல. நடைமுறையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுவார்கள் என்று நான் அஞ்சுகிறேன். எனவே சொன்ன இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுவதே பாதுகாப்பு.

உங்கள் துணைவியாரின் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நடுச்சாலையில் வெயிலில் நாள் முழுவதும் நின்று, குடித்துவிட்டு வருபவர்களிடமும் கட்சிக் கொடி கட்டிய கார்களிடமும் வசவு வாங்கும் காவலர்களின் நிலை எனக்குத் தெரியும். ஆனால் இந்த மரியாதையைப் பற்றி எழுத்தில் உள்ள விதி காவலரைத்தான் கட்டுப்படுத்துகிறது. மத்திய உள்துறை அமைச்சகம் 1985-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய காவலர் நடத்தை நெறி, அவர்கள் எப்போதும் பண்போடும் கனிவோடும் நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. கேரளத்தில் ஒரு வணிகரின் புகாரை விசாரித்த உயர் நீதிமன்றம், ‘எடா’, ‘எடீ’, ‘நீ’ என்று மக்களைக் காவலர்கள் அழைக்கக் கூடாது என்று 2021 செப்டம்பரில் கூறியதும், மாநிலக் காவல் துறைத் தலைவர் அதற்கேற்பச் சுற்றறிக்கை அனுப்பினார். நீங்கள் அந்த எஸ்.ஐ.யிடம் கேட்டது இதைத்தான். மரியாதை தவறியது அவர்.

கடைசியாகப் படம் எடுப்பது பற்றி. பொது இடத்தில் பணியில் இருக்கும் காவலரைப் படம் எடுப்பதைக் குற்றமாக்கும் தனிப் பிரிவு எதுவும் இல்லை. காவல் நிலையத்துக்குள் எடுத்தாலும், அது அலுவல் இரகசியச் சட்டம் சொல்லும் ‘தடை செய்யப்பட்ட இடம்’ ஆகாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022-ல் தீர்ப்பளித்தது. சோதனையையும் கைப்பற்றுதலையும் காவலர்களே ஒலி, ஒளி வடிவில் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குச் செல்போனைப் பயன்படுத்துவதே விரும்பத்தக்கது என்றும் குறிப்பிடுகிறது. ஆகவே வண்டியை அணைத்து, இறங்கி, ஓரமாக நின்று, அவர்களுடைய வேலைக்குக் குறுக்கே போகாமல் எடுங்கள். போனை அவர் முகத்துக்கு அருகே நீட்ட வேண்டாம், அந்த ஓர் அசைவே 132-ஆம் பிரிவுக்கான கதையாகிவிடும். விவகாரம் நிலையம் வரை போயிருந்தால், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி அங்கே ஒலிப்பதிவோடு கூடிய கேமராக்கள் இருக்க வேண்டும். பதிவை 18 மாதம், அதற்கு வசதியில்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்குமாறு தேதியும் நேரமும் குறிப்பிட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுவதே அப்போது முதல் வேலை.