பக்கத்து வீட்டுக்குக் கேட்காத கிட்டார்

கேள்வி: காசிமேட்டில் ஒண்டுக்குடித்தனம். எட்டாவது படிக்கும் மகன் கிட்டார் கிளாஸ் போகிறான். ராத்திரி வாசித்தால் பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள். கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் சேர்த்து செட்டாக வாங்கச் சொல்கிறார் மாஸ்டர். வாங்கலாமா?

பதில்: செட் வேண்டாம் அம்மா. எலெக்ட்ரிக் கிட்டாரும், அதன் ஜாக்கிலேயே சொருகும் சின்ன ஹெட்போன் ஆம்பும் போதும். சத்தம் பையன் காதோடு நிற்கும். ஹெட்போனை நேராகக் கிட்டாரில் சொருகினால் சரியாகக் கேட்காது. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் அவ்வளவு பலவீனம்.

செட்டில் பை, பெல்ட், பிக் எல்லாம் இலவசம் என்பார்கள். அந்தக் காசைக் கிட்டாரின் தரத்தில்தான் குறைத்திருப்பார்கள். மாஸ்டரே கடைக்குக் கூட்டிப்போனால் அவர் கமிஷனும் உங்கள் பில்லில் ஏறலாம். தனியாகப் போங்கள்.

போகும்போது ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கும், அளவு தப்பிவிடும். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்தான் ஃப்ரெட். தலைப்பக்கமிருந்து எண்ணி 12-வது ஃப்ரெட் கம்பியின் மேல் ஸ்கேலை நிறுத்தி, தந்தியின் அடிப்பக்கம் வரை பாருங்கள். தடித்த தந்திக்கு 2 மி.மீ., மெல்லியதற்கு 1.5 மி.மீ. சுமாராக இருக்கலாம். 3 மி.மீ. என்றால் அழுத்தி அழுத்தியே விரல் நோகும், ஒரே மாதத்தில் கிட்டார் பரணுக்குப் போய்விடும். தந்தியை இறக்கித் தரச் சொல்லுங்கள். பிறகு பையன் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டிப் பார்க்கட்டும். எங்காவது ‘ஜிர்ர்’ என்றால் இறக்கியது அதிகம். அட்டைப்பெட்டியைப் பிரித்து அப்படியே நீட்டுகிற கடைகளே இங்கே அதிகம். காசு வாங்குகிறவர்களுக்கு இந்தப் பத்து நிமிட வேலை கசக்கிறது!

பின்னாளில் கரண்டில் ஓடும் ஆம்ப் வாங்கினாலும், அதன் மூணு பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டரில் மாட்டவே கூடாது. தந்திகள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தவை. எர்த் இல்லாமல் உள்ளே கரண்ட் கசிந்தால் பிள்ளையின் விரலில்தான் அடிக்கும். பல பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூணு ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் வயரே இருக்காது. வாடகையை மாதாமாதம் எண்ணி வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள்.

கோயில் கொயரில் வாசிக்கத்தான் பையன் கற்கிறான் என்றால் மட்டும் கரண்ட் வேண்டாத அக்கூஸ்டிக் கிட்டார் வாங்குங்கள். அங்கே பிளக் தேடிக்கொண்டிருக்க முடியாது. 10–47 அளவு மெல்லிய ஸ்டீல் தந்தி கேளுங்கள். வீட்டில் வாசிக்கும்போது கிட்டாரின் உடம்பில் தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கமாக, அவற்றுக்கு அடியில் துணியை மடித்துச் சொருகினால் சத்தம் பாதியாவது அடங்கும். நைலான் தந்தி கிட்டாரை மலிவாகக் கொடுத்து, ‘ஸ்டீல் தந்தி மாட்டிக்கலாம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த இழுவைக்குப் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

எதை வாங்கினாலும், வாசித்து முடித்ததும் தந்திகளை மேலும் கீழும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துப் பைக்குள் வையுங்கள். கைவியர்வையோடு உங்கள் ஊர் உப்புக்காற்றும் சேர்ந்தால் சீக்கிரமே துரு ஏறும்.