கூட்டம் முடிந்ததும் ஓடாதீர்கள்

கேள்வி: திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்து பொங்கோலில் வசிக்கிறேன். கணவர் வேலையால் டிபெண்டன்ட் பாஸில் (வேலை செய்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் தங்கும் அனுமதி) இருக்கிறேன். கணக்காளர் வேலை தேடி லிங்க்ட்இன்னில் எத்தனையோ பேருக்கு எழுதினேன், பதிலே இல்லை. தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் போனால் எல்லாரும் முன்பே பழகியவர்கள். ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடுகிறேன். கூச்ச சுபாவம் வேறு. என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: கூச்சத்தின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் நாலைந்து நிகழ்ச்சிக்குப் போவீர்கள், அப்புறம் தீபாவளி வரைக்கும் எதற்கும் போகமாட்டீர்கள், அப்படித்தானே? ஊரெல்லாம் ஒருமுறை தலைகாட்டுவதைவிட ஒரே இடத்துக்கு மாதாமாதம் போவது மேல். நூலகத்தில் கூடும் வாசகர் வட்டமோ, உங்கள் சமூக மன்றத்து இந்தியர் நற்பணிச் செயற்குழுவோ, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். நம்மவர்கள் அப்படித்தான். நாலு தடவை முகம் பார்த்த பிறகுதான் "வீடு எங்கே?" என்று ஆரம்பிப்பார்கள்.

அதுவரை சும்மா நிற்க வேண்டாம். சீக்கிரம் போய் நாற்காலி போடக் கைகொடுங்கள், பதிவு மேசையில் உட்காரட்டுமா என்று கேளுங்கள். பெயர் எழுதிக்கொள்கிறவருக்கு வருகிற அத்தனை பேரிடமும் பேச ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. கூச்சக்காரர்களுக்கு அதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. நன்றியுரை முடிந்ததும் பேருந்துக்கு ஓடிவிடாதீர்கள், வடையும் தேநீரும் வந்த பிறகுதான் பேச்சே சூடுபிடிக்கும்.

லிங்க்ட்இன் விஷயத்துக்கு வருவோம். "வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று முன்பின் தெரியாதவருக்கு எழுதினால் அவர் என்ன செய்வார்? கையில் வேலை இருக்காது, இல்லை என்று சொல்லவும் சங்கடம். பேசாமல் இருந்துவிடுவார். அவரால் பதில் சொல்ல முடிகிற கேள்வியாகக் கேளுங்கள்: "நானும் கணக்காளர்தான். இங்குள்ள சிறு நிறுவனங்களில் எந்த மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும்?" மூன்று வரி போதும். பதில் வந்தால் அவர் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று மறுபடி ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலோர் விடுவது இதைத்தான்.

இன்னொன்று. 2021 மே முதல், சொந்தத் தொழில் நடத்துவோர் நீங்கலாக, டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் வேலைக்குச் சேர நிறுவனம் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். வேலைப் பேச்சு எழுந்த அன்றே இதைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக ஒருவர் தம் முதலாளியிடம் பேசிவிட்டு, பிறகு விஷயம் தெரிந்து விழித்தாரானால், அடுத்த தடவை அவர் வாய் திறக்கமாட்டார்.