ஷெங்கன் விசா: அர்மீனியருக்கு 35 யூரோ, இந்தியருக்கு ஏன் 90?

கேள்வி: ஜார்ஜியாவின் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட். விடுமுறைக்கு இத்தாலி போக வேண்டும். ஜார்ஜிய நண்பருக்கு விசாவே தேவையில்லை, அர்மீனிய நண்பருக்கு 35 யூரோ, எனக்கு மட்டும் 90 யூரோவா? மாணவர் சலுகை கிடையாதா?

பதில்: ஆம், ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய காலப் பயண விசா) உங்களுக்கு 90 யூரோதான். எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதல்ல, கையில் எந்தப் பாஸ்போர்ட் என்பதே கணக்கு. 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45, அதற்குக் கீழே இலவசம்.

அக்கம்பக்கத்து நாடுகளோடு ஐரோப்பிய ஒன்றியம் தனித்தனி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அர்மீனியாவுக்கு அந்த 35 யூரோ 2014இல் வந்தது. ஜார்ஜியர்கள் 2017 மார்ச்சில் பயோமெட்ரிக் பாஸ்போர்ட்டுக்கு விசா விலக்கே பெற்றார்கள். உறவு கசந்தால் சலுகை போய்விடும். ரஷ்யர்களும் 35தான் கட்டிவந்தார்கள். உக்ரைன் போருக்குப் பின் 2022 செப்டம்பரில் ஒப்பந்தம் நிறுத்தப்பட, ஒரே நாளில் அன்றைய பொதுக் கட்டணமான 80 ஆனது. வெளியேற்றப்பட்ட தன் குடிமக்களைத் திரும்ப ஏற்க ஒத்துழைக்கவில்லை என்று மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவுக்கு அதே ஆண்டு டிசம்பரில் 120 யூரோ விதித்தார்கள். 2024இல்தான் அதை விலக்கினார்கள். கட்டணப் பட்டியல் என்ற பெயரில் இருப்பது பாதி வெளியுறவுக் கொள்கை.

மாணவருக்குக் கட்டண விலக்கு உண்டு. ஆனால் படிப்புக்காகவோ பயிற்சிக்காகவோ போனால் மட்டும். ஊர் சுற்ற மாணவர் அட்டை உதவாது. தூதரகத்தின் சார்பில் மனு வாங்கும் விண்ணப்ப மையம் வழியாகப் போனால் சேவைக் கட்டணம் தனி.

ஜார்ஜியாவில் சட்டப்படி வசிப்பதால் அங்கேயே விண்ணப்பிக்கலாம், இந்தியாவுக்கு ஓட வேண்டாம். குடியிருப்பு அட்டை நீங்கள் திரும்பும் தேதிக்குப் பிறகும் செல்லுபடியாகட்டும். முடியப்போகும் அட்டையோடு போனால் 'திரும்பி வருவாரா' என்ற சந்தேகம் எழும். பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகு மேலும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து, குறைந்தது 15 நாள் முன்னதாக மனுவைக் கொடுத்துவிடுங்கள். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், சிக்கலானால் 45 நாள்கூட ஆகும்.

அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டால் 90 யூரோ திரும்பாது. 'இது எங்கள் பொறுப்பல்ல' என்று தூதரகம் மனுவையே திருப்பினால் விசாக் கட்டணம் திரும்ப வரும்.

இன்னொன்று: மூன்றாண்டுக்குள் இரண்டு விசா முறையாகப் பயன்படுத்திய இந்தியருக்கு இரண்டாண்டுப் பலமுறை விசா என்று 2024 ஏப்ரலில் வந்த தளர்வு, இந்தியாவில் வசித்து அங்கேயே விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும். திபிலிசியில் அதைக் காட்டிக் கேட்க முடியாது.