பதில்: வேர்ச்சுவல்பொக்ஸ் உபுண்டுவில் மவுஸ் அம்பு மினுக்குகிறது

வணக்கம். விண்டோஸ் மடிக்கணினி, வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம், மவுஸை அசைத்தால் அம்பு மறைந்து மறைந்து வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே விண்டோஸில் ஒழுங்காக ஓடுகிறதென்றால் மவுஸ் பழுதில்லை. புதிது வாங்க ஹற்றன் டவுனுக்கு இறங்க வேண்டாம்.

எனக்குச் சந்தேகம் வேலண்ட் மீதுதான், அதாவது உபுண்டுவில் திரையில் படம் காட்டும் பகுதி. 22.04 வழக்கமாக வேலண்டில்தான் திறக்கும். வேர்ச்சுவல்பொக்ஸ் தரும் மெய்நிகர் கிராபிக்ஸோடு அது சில நேரம் ஒத்துப்போகாது. லொக்அவுட் செய்து, உங்கள் பெயரை அழுத்தியதும் வலது கீழ் மூலையில் ஒரு பற்சக்கரம் வரும். அதில் 'உபுண்டு ஆன் எக்ஸ்ஓர்க்' (வேலண்டுக்குப் பதிலான பழைய முறை) என்பதைத் தெரிவு செய்து உள்ளே போங்கள். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும்.

ஆகவில்லையா? உபுண்டுவை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். சும்மா சேவ் செய்து மூடினால் செட்டிங்ஸை மாற்ற விடாது. பிறகு வேர்ச்சுவல்பொக்ஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதியில் 3டி அக்ஸலரேஷன் டிக்கை எடுத்துவிட்டு, வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்குங்கள். கிராபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ ஆகவே இருக்கட்டும், லினக்ஸுக்கு அதுதான் பொருத்தம்.

அப்புறம் உபுண்டுவுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸையும் போடுங்கள், மவுஸும் திரையும் வேர்ச்சுவல்பொக்ஸோடு ஒத்து ஓட உதவும் துணை மென்பொருள் அது. மழை வந்தால் தோட்டத்தில் சிக்னலே இல்லை என்றீர்கள். பயப்பட வேண்டாம், அதன் ஐஎஸ்ஓ (சிடி போன்ற கோப்பு) வேர்ச்சுவல்பொக்ஸோடு கூடவே வந்திருக்கும். அதை நிறுவத் தேவைப்படும் ஜிசிசி, மேக், பேர்ல் என்ற மூன்று மென்பொருள்களையும் மட்டும் வெயில் நேரத்தில் இறக்கி வையுங்கள். இதற்குப் பிறகும் மினுக்கினால் வேர்ச்சுவல்பொக்ஸ் பதிப்பு எண்ணைப் போடுங்கள், பார்க்கலாம்.