20 டிகிரிக்கெல்லாம் ஒரு குளிரா?

வணக்கம் அண்ணா,

எண்ணூர் குப்பத்துல ஒரு வாரம் குளிர்னு நீங்க எழுதினத படிச்சேன். நல்லா இருந்துச்சு, ஆனா சிரிப்பும் வந்துச்சு. நான் பொறந்தது வண்ணாரப்பேட்டை, இப்ப கனடால எட்மன்டன்ல இருக்கேன். நான் படிச்ச அன்னிக்கு இங்க காலைல மைனஸ் 24. நீங்க 20 டிகிரிக்கு மஃப்ளர் கட்டிக்கிட்டு நடுங்கி இருக்கீங்க. அதுவும் இல்லாம "கடலே குளிர்ந்து கெடந்துச்சு"ன்னு ஒரு வரி. நம்ம ஊர் கடல் எப்பண்ணா குளிர்ந்துச்சு? பனி சீசன்ல மீன் நல்லா விழும்னு எங்க ஆயா சொல்லும், அப்புறம் ஏன் போட்டெல்லாம் கரையிலயே கெடந்துச்சு? கடைசியா, நெத்திலி காயப்போட்ட அக்கா கதைய பாதில விட்டுட்டீங்க. எங்க மாமியார் பொங்கல் முடிஞ்சதும் இங்க வராங்க, கருவாடு வாங்கியாரச் சொல்லலாமா?

எம்., எட்மன்டன்

அன்புள்ள எம்.,

மைனஸ் 24க்கு முன்னாடி நான் வாயே தொறக்க முடியாது, ஒத்துக்குறேன். சென்னைல நுங்கம்பாக்கம் வானிலை ஆபீஸ்ல இதுவரைக்கும் பதிவான ஆகக் கொறஞ்ச டெம்பரேச்சரே 13.9 டிகிரி தான், அதுவும் 1905 ஜனவரில. உங்க ஊர்ல அந்த டிகிரி வந்தா டி-ஷர்ட் போட்டுக்கிட்டு பார்க்குக்கு போவீங்கன்னு நெனைக்கிறேன். ஆனா உங்க வீட்டு சுவத்துக்குள்ள குளிர் வராம அடைச்சு ஹீட்டரும் போட்டிருப்பாங்க, எங்க தலைக்கு மேல இருக்கறது சிமென்ட் ஷீட்டு. மப்பு இல்லாத ராத்திரில அந்த ஷீட்டு காத்த விட சீக்கிரமா ஆறிடும், உள்ள அஞ்சு பேரு விடுற மூச்சு, கடல் ஈரம் எல்லாம் அதோட அடில போய் ஒட்டிக்கிட்டு நாலு மணி வாக்குல சொட்ட ஆரம்பிச்சிடும். எங்கம்மா நெத்தில ஒரு சொட்டு விழுந்து எழுந்து உக்காந்து "மழ வந்துடுச்சுடா, கொடில துணி கீது பாரு"ன்னுச்சு, வெளிய வந்து பாத்தா வானம் பூரா நட்சத்திரம். மஃப்ளர் கட்டுனது அதுக்கு சார், டிகிரிக்கு இல்ல.

கடல் விஷயத்துல நான் எழுதினது தப்பு தான். ஜனவரில கூட நம்ம பக்கம் கடல் தண்ணி 26 டிகிரி கிட்ட இருக்கும், கரை தான் விடியக்காலைல 20, 21னு எறங்கிடுது, அதனால தான் அந்த நேரத்துல காத்து கரைலேர்ந்து கடலுக்கு அடிக்குது. ஸ்கூல்ல படிச்சது, எழுதும்போது கோட்ட விட்டுட்டேன். ஃபைபர் போட்டை தள்ளுறவங்க ஈர மணல்ல கால் வெறைச்சுப் போய் நடந்து வந்து, முட்டி வரைக்கும் தண்ணில எறங்கினதும் ஒரு நிமிஷம் சும்மா நிப்பாங்க, வென்னி மாதிரி கதகதன்னு இருக்கும். குளிர்ந்து கெடந்தது ஆறு. கொசஸ்தலை ஆத்துல இடுப்பளவு தண்ணில குனிஞ்சு, புடிச்ச எறாவ போடுற பறிய பல்லுல கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் சேத்துக்குள்ள எறா தடவுறாங்க இல்ல, அவங்களுக்கு தான் குளிர்காலம்னு ஒன்னு இருக்கு. மேல ஏறி வந்தா வெரல் நுனி வெளுத்து சுருங்கிப் போய் பீடி பத்த வைக்க தீப்பெட்டியே புடிக்க முடியாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் பரவினதும் இதே ஆத்துல தான், அத ஆரம்பிச்சா இந்த பதில் முடியாது.

உங்க ஆயா சொன்னது சரி, போனா விழும். போக முடியாதது தான் சங்கதி. மார்கழி கடைசில வங்காள விரிகுடால எங்கயாவது ஒரு காத்தழுத்தத் தாழ்வு உண்டாச்சுன்னா, அது இலங்கைப் பக்கமே போனாலும், நமக்கு மப்பும் தூறலும் வாடைக் காத்தும் மட்டும் வந்து சேந்துடும். 45லேர்ந்து 55 கிலோமீட்டர் வேகம், கடலுக்கு போகாதீங்கன்னு வாட்ஸ்அப்புல மெசேஜ் வரும். அதுக்கு மேல இன்னொன்னு, நம்ம பக்கம் மணல் எங்க இருக்கு? மெட்ராஸ் துறைமுகம் கட்டினதுலேர்ந்து தெக்க மெரினால மணல் சேந்துச்சு, வடக்க நம்மள அரிச்சுச்சு, அரிக்காம இருக்க கல்லு கொட்டினாங்க, கடலுக்குள்ள நீட்டி கல்லுல தூண்டில் வளைவு போட்டாங்க. அல தூக்கி இருக்கறப்ப கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கற சந்துல போட்டை கொண்டாந்து சொருகறது, அதுவும் அரை இருட்டுல, அப்படி சொருகத் தெரிஞ்ச ஆளுங்களே வேணாம்னு தான் ஒக்காந்திருந்தாங்க. நாலு நாள் அப்படிப் போச்சு. அஞ்சாம் நாள் காத்து விட்டுடுச்சு, போனவங்க வலைல கவலைன்னு சொல்ற சாளை வகை மீனா வந்து விழுந்துச்சு, எல்லாருக்கும் விழுந்ததால வெலையும் விழுந்துடுச்சு.

அக்கா கதைய வேணும்னு விடல, எழுத கஷ்டமா இருந்துச்சு. காத்து கெளம்பறதுக்கு மொத நாள் காசிமேட்டுலேர்ந்து கடன்ல வாங்கின நெத்திலி அது. நெத்திலிக்கு உப்பெல்லாம் போடறதில்ல, வலைய விரிச்சு அப்படியே கொட்டி பரத்திடுவாங்க, நல்ல வெயில்னா ரெண்டு நாள்ல முடிஞ்சிடும். அந்த ரெண்டு நாளும் வெயில காணோம். தூறலுக்கு தார்ப்பாய் போட்டா உள்ள வேர்க்குது, எடுத்தா நனையுது, அக்கா பொழுதன்னைக்கும் போடறதும் எடுக்கறதுமா இருந்துச்சு. காத்து நின்னதும் வெயில் வந்துச்சு, ஆனா கூடவே பனியும் வந்துடுச்சு, பகல்ல காஞ்சத ராத்திரி திரும்ப ஊற வச்சிடும். அப்புறம் போகி. இங்க போகின்னா பழைய பாய் மட்டும் இல்ல, டயரும் தான், விடியக்காத்தால அசைய மாட்டேங்குற காத்துல அந்த புகை பனியோட கலந்து அப்படியே தரையில படுத்துக்கும். 2018 போகிக்கு மீனம்பாக்கத்துல பிளேனே எறங்க முடியல, கருவாடு எம்மாத்திரம். பசங்க மேளம் அடிச்சுக்கிட்டு தெருத்தெருவா போறாங்க, அக்கா அந்த புகைக்குள்ள குனிஞ்சு ஒவ்வொரு பிடியா அள்ளி மோந்து பாத்துச்சு. ஒரு நெத்திலிய எடுத்து ரெண்டு வெரலால மடக்கிச்சு. காஞ்சிருந்தா படக்குன்னு ஒடியணும். அது வளைஞ்சுது. இன்னொன்னு எடுத்துச்சு, அதுவும் வளைஞ்சுது. "டயரு வாட அடிக்குது தம்பி, இத யாரு துன்னுவா"ன்னு என் மூக்குக்கு நேரா நீட்டிச்சு.

மறுநாள் கோழித் தீவனத்துக்கு எடுக்கற வியாபாரி ஒருத்தரு வண்டி கொண்டாந்து மூட்டைல அள்ளிட்டுப் போனாரு. என்ன வெலைக்குன்னு அக்கா சொல்லல, நானும் கேக்கல.

உங்க மாமியாருக்கு: பொங்கலுக்கு அப்புறம் ஒடனே விக்கற நெத்திலி பாதி இந்த பனில காஞ்சது தான், வேணாம். மாசி பாதிக்கு மேல யாராவது கெளம்பினா சொல்லுங்க, அக்கா கிட்டயே வாங்கித் தரேன். கடைல வாங்கினா ஒன்ன ஒடிச்சுப் பாத்துட்டு வாங்கச் சொல்லுங்க. மூணு கவர் போட்டு கட்டணும், பட்டுப் புடவை இருக்கற பெட்டில மட்டும் வைக்க வேணாம்.