இதயம் தளர்ந்தவர்கள் யோகா, தாய் சி செய்யலாமா? கேள்வி பதில்

இதய நோயாளிகளுக்குப் பயிற்சி சொல்லித்தரும் இயன்முறை மருத்துவர் நான். உங்கள் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைப் பார்க்காமல் எழுதுகிறேன். ஆகவே எதையும் தொடங்குமுன் உங்கள் இதய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு வயது 64. இதயச் செயலிழப்பு என்கிறார்கள், பம்பிங் 30 சதவீதமாம். அம்மா அவரைக் குளியலறைக்குக்கூடத் தனியே விடுவதில்லை. அவர் பயிற்சி செய்யலாமா, மேடம்? (ஈரோட்டிலிருந்து ஒரு மகன்)

அந்தப் பெயர்தான் முதலில் பயமுறுத்துகிறது. இதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. உடல் கேட்கும் அளவுக்கு ரத்தத்தைத் தள்ள அதற்குத் தெம்பு போதவில்லை, அவ்வளவுதான். நலமான இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிரம்பும் ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியேற்றும். அப்பாவுக்கு அது 30 சதவீதம்.

அம்மாவின் பதற்றம் நியாயமானது. ஒரு காலத்தில் மருத்துவர்களே படுத்து ஓய்வெடுக்கத்தான் சொன்னார்கள். ஆனால் படுத்தே இருந்தால் தொடைச் சதை கரைகிறது. சதை கரைந்தால் நாலு அடி நடப்பதற்கே மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்குவதால் மறுபடியும் படுக்கை. இந்தச் சுழலை உடைக்கத்தான் பயிற்சி. 2009இல் முடிவு வெளியான எச்.எஃப். ஆக்‌ஷன் ஆய்வில் 2,331 நோயாளிகள் பங்கேற்றார்கள். நிலை சீராக இருப்பவர்களுக்கு, மேற்பார்வையோடு தொடங்கும் உடற்பயிற்சி பாதுகாப்பானது என்று அது காட்டியது.

மருந்தின் அளவு சில வாரங்களாக மாறாமல், கால் வீக்கம் கூடாமல், சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சிரைப்பு இல்லாமல் இருந்தால் தொடங்கலாம். ஆடாத நாற்காலி ஒன்று போதும். பாதங்கள் தரையில் பதியட்டும். மூச்சை இழுத்தபடி கைகளைத் தோள் உயரம் வரை தூக்கி, விட்டபடி இறக்கச் சொல்லுங்கள். பிறகு கணுக்காலைச் சுழற்றலாம். ஒவ்வொரு காலாக நீட்டி மடக்கலாம். முதல் வாரம் ஐந்தே நிமிடம். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர் இப்படித்தான் தொடங்கினார். மூன்றாம் மாதம் தெருமுனைத் தேநீர்க் கடைவரை தனியே நடந்துபோய் வந்ததாகச் சொன்னார். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது.

நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். உட்கார்ந்த பின்னும் குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சீனாவில் தோன்றிய மெதுவான அசைவுப் பயிற்சியான தாய் சி உண்மையிலேயே பயன் தருமா? கையை மெல்ல அசைப்பதுபோல் மட்டுமே தெரிகிறதே? (கோவை)

பாஸ்டனில் 100 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு வாரம் இரு முறை, ஒரு மணி நேரம், 12 வாரங்கள் தாய் சி வகுப்பு. மீதிப் பேருக்கு நோய் குறித்த பாடம் மட்டும். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் தாய் சி செய்தவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரமும் மனநிலையும் மேம்பட்டன. ‘என்னால் பயிற்சி செய்ய முடியும்’ என்ற நம்பிக்கையும் கூடியது. அந்த நம்பிக்கையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். பயந்து உட்கார்ந்துவிட்டவரை எழுப்புவதுதான் எங்கள் வேலையிலேயே கடினமானது. இதனால் இதயம் பழையபடி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

தொலைக்காட்சி பார்த்துக் கபாலபாதி செய்கிறேன். தொடரலாமா? (மதுரை வாசகி)

வேண்டாம், அம்மா. வயிற்றை வெட்டி வெட்டி மூச்சுவிடுவதும், மூச்சை உள்ளே அடக்கும் கும்பகமும், தலைகீழ் ஆசனங்களும் உங்களுக்கானவை அல்ல. மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இறங்கும். தளர்ந்த இதயத்துக்கு அது வீண் சுமை. மெதுவான மூச்சு வேறு விஷயம். நிமிடத்துக்கு ஆறு முறை மூச்சுவிடப் பழகிய இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு கூடியதாக 1998இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆறுக்கு ஒரேயடியாக இறங்க வேண்டாம். இழுப்பதைவிட விடுவது சற்று நீளமாக இருந்தால் போதும்.

சவாசனத்தில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. (திருச்சி)

மல்லாந்து படுக்கும்போது காலில் தேங்கியிருக்கும் நீர் நுரையீரல் பக்கம் திரும்புவதால் வரும் தொல்லை இது. முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ளுங்கள், அல்லது நாற்காலியிலேயே கண்மூடி இருங்கள். ஆனால் இது புதிதாகத் தொடங்கியிருந்தால் ஆசனத்தை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலும் அதே ஆலோசனைதான்.

மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். நாடித்துடிப்பு ஏறுவதே இல்லை. பயிற்சி அளவோடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாடித்துடிப்பை மெதுவாக்குவதுதான் அந்த மருந்தின் வேலையே. நாடியை விட்டுவிட்டுப் பேச்சைக் கவனியுங்கள். பயிற்சியின்போது ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும்.

ஐ.சி.டி. கருவி (ஆபத்தான துடிப்பை மின்அதிர்ச்சியால் சீராக்க மார்பில் பொருத்துவது) வைத்து மூன்று வாரம் ஆகிறது. பயிற்சி செய்யலாமா?

கருவி வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள். எப்போது தூக்கலாம் என்று கருவி வைத்த மருத்துவர் சொல்வார். கால் பயிற்சிக்கும் அவரிடமே அனுமதி கேளுங்கள்.

என் கணவர் எதற்கும் எழ மறுக்கிறார். ‘போகிற உயிர் போகட்டும்’ என்கிறார். என்ன செய்வது, அக்கா? (தஞ்சாவூர்)

உங்கள் கேள்வியைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. இதயச் செயலிழப்போடு மனச்சோர்வும் பலருக்கு வருகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு. அவர் சொன்ன சொற்களை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் ‘பயிற்சி செய்யுங்கள்’ என்று நிற்க வேண்டாம். அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு நீங்கள் கையைத் தூக்கி இறக்குங்கள். முதல் நாள் அவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாலும் சரி. இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள், தங்கையே.